பின்சீற்

H என்றால் ஹோர்ன் என்றுதான் ஸ்ரனிஸ்லாஸ் நினைத்தார்.

பாரிசை ஒட்டிய ஒபர்வில்லியேயில், மொத்த வியாபாரக் கிடங்குகளுக்கு நடுவிலிருந்த ஒரு வாகனக் கடையின் பின்முற்றம் அது. அவர் ஒரு க்வாட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். நாலு தடித்த சில்லு, மோட்டார்சைக்கிள் கைபிடி, உழவு இயந்திரத்தின் உறுமல். சேறு, மேடு, காடு எதையும் சட்டை செய்யாமல் ஏறிப் போகிற வண்டி. எஞ்சினைப் போட்டுக் காட்டிய விற்பனையாளன் ஃபப்ரிஸ், "சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருங்கள், மிஸ்யூ. ஒன்றிலும் கைவைக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுக்க உள்ளே ஓடியிருந்தான்.

சத்தம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வண்டி வாங்க வந்தவன் ஹோர்ன் அடித்துப் பார்க்காமல் எப்படி வாங்குவது? பிரேக் பிடிக்காத வண்டியில் அவருடைய ஊரான மன்னாரில் ஆட்கள் துணிந்து ஏறுவார்கள். ஹோர்ன் அடிக்காத வண்டியில் ஏறமாட்டார்கள்.

கியர்த் தடியின் பக்கத்தில் எழுத்துகள் வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்று H. பிரெஞ்சுக்காரருக்கு வேண்டுமானால் அது விளங்காது. கன்னியாஸ்திரிகளிடம் இங்கிலீஷ் படித்த ஸ்ரனிஸ்லாசுக்கு விளங்காதா? காலால் எதையோ மிதித்துக்கொண்டு தடியை H-க்கு இழுத்தார். ஒரு சத்தமும் வரவில்லை. வலது பெருவிரலுக்கு நேரே சின்னதாய் ஒரு நெம்பு இருந்தது. இதுதான் அதன் பொத்தான் என்று முடிவு கட்டி, மிதித்திருந்த காலை எடுத்துவிட்டு, முழு நம்பிக்கையோடு அதை அமத்தினார்.

வண்டி கத்தவில்லை. பாய்ந்தது.

முற்றத்தின் மூலையில் ஆளுயரக் காகித மட்டை விளம்பரம் ஒன்று நின்றது. க்வாட் ஒன்றில் ஓர் ஆணும், அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒரு பெண்ணுமாகத் தூரத்து மலையைப் பார்த்துச் சிரிக்கிற படம். ஸ்ரனிஸ்லாஸ் அதற்குள்ளால் போய், அடுக்கி வைத்திருந்த பழைய ரயர்களில் மோதி நின்றார். திரும்பிப் பார்த்தபோது மட்டை சரியாக நடுவில் கிழிந்திருந்தது. பின்னாலிருந்த பெண் தனியே பறந்துபோய் மழைத்தண்ணீரில் முகம் குப்புறக் கிடந்தாள். முன்னாலிருந்த ஆண் ஒன்றும் நடக்காததுபோல இன்னும் மலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பை எங்கோ பார்த்த ஞாபகம் வந்தது ஸ்ரனிஸ்லாசுக்கு. காலையில், சவரம் செய்கிற கண்ணாடியில்.

ஃபப்ரிஸ் ஓடிவந்தான்.

"என்ன செய்தீர்கள், மிஸ்யூ?"

"ஹோர்ன் அடித்தேன்."

"ஹோர்ன் இடது பக்கம், மஞ்சள் பொத்தான். H என்பது ஹை, வேகமாக ஓட. L லோ, மெதுவாக ஓட."

ஆக அதுவும் இங்கிலீஷ்தான். கன்னியாஸ்திரிகள் படிப்பிக்காத இங்கிலீஷ்.

ஃபப்ரிஸ் நல்ல பிள்ளை. மட்டைக்குக் காசு வேண்டாம் என்றான். அவனுக்கு ஒரே ஒரு மறுமொழிதான் வேண்டியிருந்தது. அவர் முதன்முதலாகக் கடைக்கு வந்த நாளிலிருந்து அவன் கேட்டுக்கொண்டிருந்ததும் அதைத்தான். கடையில் ஸ்ரனிஸ்லாசுக்குத் தோதான க்வாட் இரண்டு இருந்தன. ஒன்று கட்டை, ஒருவர் ஓட்டுவது. பாரம் குறைவு, மரங்களுக்கிடையில் சுலபமாகத் திரும்பும், சேற்றில் புதைந்தால் தனி ஆளாகவே இழுத்தெடுக்கலாம். சிவப்பிலும் பச்சையிலும் வரும். மற்றது நீளம். பின்னால் இன்னொருவருக்குச் சீற், முதுகு சாய ஒரு பட்டி, கால் வைக்கத் தட்டு எல்லாம் உண்டு. மேட்டில் அசையாமல் ஏறும். ஆனால் பாரம். திரும்புவதற்கு முழு முற்றம் வேண்டும்.

"எத்தனை பேர் ஏறுவீர்கள்?"

"பார்ப்போம்" என்றார் ஸ்ரனிஸ்லாஸ் பிரெஞ்சில்.

"அது எண்ணிக்கை இல்லையே, மிஸ்யூ."

"கட்டையை வாங்கிவிட்டுப் பிறகு ஒரு சீற்றைப் பூட்டினால்?"

"சட்டம் விடாது. ஒருவர் வண்டி என்றால் அது கடைசிவரைக்கும் ஒருவர் வண்டிதான்." ஃபப்ரிஸ் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீளத்தை வாங்கித் தனியே ஓடலாம். ஆனால் போகிற இடமெல்லாம் ஒரு வெறும் சீற்றையும் சுமந்துகொண்டு போகவேண்டும்" என்றான்.

நீள வண்டி ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அடுத்த வாரச் சனிக்கிழமை வரைக்கும் அதை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று அவன் சொன்னான்.

பாரிசில் இருக்கிற தமிழனுக்குக் க்வாட் எதற்கு என்று கேட்டால், அதற்கு ஸ்ரனிஸ்லாஸ் ஓர் இளைப்பாறிய சமையற்காரர் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். வந்த காலத்திலிருந்து ஒரு பிரெஞ்சு உணவகத்தின் நிலக்கீழ்ச் சமையலறையில் நின்றவர். அங்கே யன்னல் என்பது தெருவில் போகிறவர்களின் சப்பாத்து தெரிகிற ஓர் இடைவெளி. மழை பெய்கிறதா என்று சப்பாத்தைப் பார்த்துத்தான் அறிந்துகொள்வார். கலியாணம் என்று யாராவது பேச்செடுத்தால், விசா வரட்டும், பாப்பம் என்றார். விசா வந்தபிறகு, வேலை நிலைக்கட்டும், பாப்பம் என்றார். வேலை நிலைத்தது, முழங்கால் நிலைக்கவில்லை. மருத்துவர் போதும் என்றார். இளைப்பாறியதும் கையிலிருந்ததைக் கொண்டு, பாரிசிலிருந்து வெகுதூரத்திலுள்ள க்ரூஸ் மாவட்டத்தில், ஒரு மேட்டின் தலையில், பழைய கல் வீடொன்றை வாங்கினார். சுற்றிவர மரம், மேலே முழு வானம். தெருவிலிருந்து வீட்டுக்குப் போகிற பாதை மட்டும் சேறு. கார் பாதியில் நின்றுவிடும், முழங்கால் அதற்கும் முன்னமே நின்றுவிடும். அதனால்தான் க்வாட்.

வீட்டை விற்றுச் சாவியைக் கொடுத்தவர் காரில் ஏறிப் போனதும், அந்த வீட்டுக்குள் நின்று எப்படி இருக்கும் பார்ப்போமே என்று சத்தமாக "போன்சூர்!" என்று சொல்லிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்குப் பிரெஞ்சு பழகிப்போயிருக்கும் என்று நினைத்து, "ஆரது?" என்று தமிழில் கேட்டார். கேட்ட குரல் வேறு யாருடையதோ போல இருந்ததில் திடுக்கிட்டு, வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்து, கொண்டுபோன பாண் துண்டைத் தின்றார். வானம் அவர் எதிர்பார்த்ததைவிடப் பெரியதாக இருந்தது. ஒருவருக்கு அவ்வளவு தேவையில்லை என்று பட்டது.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கு ஞானமலரின் நினைப்பு வந்தது. இல்லை, அது பொய். ஞானமலரின் நினைப்பு வந்தபிறகுதான் அவர் வீடே வாங்கினார்.

ரயர்களில் மோதிய அடுத்த நாள், பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்குப் போனார். ரூ லூயி-பிளாங் தெருவில் தொலைபேசிக் கடை வைத்திருக்கிற குகதாசன் பழைய அறைத்தோழர். ஒரே கட்டிலில் முறை வைத்துப் படுத்த காலத்துச் சிநேகிதம்.

"க்வாட்டோ?" குகதாசன் ஒரு போனின் முதுகைக் கழற்றியபடி சிரித்தார். "உதிலைதானே மச்சான் நீ இருக்கிற கார்ஜிலை பொடியள் பொலிசுக்குத் தண்ணி காட்டுறாங்கள். நீ ஆருக்குக் காட்டப்போறாய்? மாட்டுக்கோ?"

"பகிடியை விடு. கட்டையோ, நீளமோ? அதைச் சொல்லு."

"எது வடிவு?"

"வடிவைப் பாத்து வாங்கிற சாமானே உது?"

"அப்ப எது நல்லது?"

"ரண்டும் நல்லதுதான். தனியப் போறதெண்டால் கட்டை. ஆரும் கூட வந்தால் நீளம்."

குகதாசன் கழற்றிய போனைக் கீழே வைத்தார். கண்ணாடிக்கு மேலால் சிநேகிதரைப் பார்த்தார். பிறகு வீதிக்கு அந்தப் பக்கமிருந்த பயண முகவர் கடையைப் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றது.

"ஓ" என்றார். "அது உன்ரை விருப்பம் மச்சான். நான் என்னத்தைச் சொல்ல?"

அந்தக் கடையில்தான் ஞானமலர் விமான ரிக்கற் போடுகிறார். கணவர் மாரடைப்பில் போய்ப் பல வருடம். பிள்ளைகள் லண்டனில். சனிக்கிழமைகளில், மத்தியானச் சமையலுக்கும் இராச் சமையலுக்கும் இடையிலுள்ள ஓய்வில், ஸ்ரனிஸ்லாஸ் தன் சமையலறையில் மிஞ்சிய, அப்பிள் வைத்துச் சுட்ட தார்த்தில் ஒரு துண்டை ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில் கொண்டுவந்து கொடுப்பார். ஞானமலர் தேத்தண்ணி ஊற்றுவார். வேலையை விட்டபிறகும் தார்த் நிற்கவில்லை. இப்போது அதைப் பேக்கரியில் வாங்கி, தெருமுனையில் நின்று, அதே பழைய பெட்டிக்குள் மாற்றிப் போட்டுக்கொண்டு வருகிறார். ஒருமுறை குகதாசன் அதைக் கண்டுவிட்டு, யாருக்கும் சொல்லாமல் விட்டார். அவர் செய்த ஒரேயொரு பெருந்தன்மை அது.

அன்றும் சனிக்கிழமை, கடைக்குள் நல்ல சனம். ஒரு குடும்பம் ரிக்கற்றின் திகதியை மாற்றச் சொல்லிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தது. ஞானமலர் ஒருவரையும் நிமிர்ந்து பாராமல், எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்: "போய்வாறதோ? போறது மட்டுமோ?" அந்தக் கேள்விக்கு முன்னால் எவ்வளவு பெரிய வாய்க்காரரும் ஒரு சொல்லில் பதில் சொன்னார்கள்.

சனம் கலைந்ததும் ஸ்ரனிஸ்லாஸ் பெட்டியை நீட்டினார். க்வாட் விளம்பரத் தாளையும் விரித்தார்.

"உதென்ன, மிருகமோ?"

"வாகனம். அண்டைக்குச் சொன்னன், க்ரூசிலை வீட்டுப் பாதை."

"ஓமோம்."

"ரண்டு சாதி இருக்கு. இது ஒருத்தருக்கு. இது ரண்டு பேருக்கு. பின்னாலை சாயிறதுக்குப் பட்டியும் இருக்கு." அந்தப் பட்டியைப் பற்றி அவர் தேவைக்கு மேலே விவரித்தார். மெத்தை வைத்தது, மழைக்கு ஊறாதது, இடுப்பு நோவுள்ளவர்களுக்கு நல்லது. "நீங்கள் என்ன நினைக்கிறியள், மலர்?"

ஞானமலர் தாளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு துண்டு தார்த்தை வாயில் போட்டு, மெல்ல மென்று, "பாப்பம்" என்றார்.

பாப்பம்! நம்மவரின் வாயில் அது ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. மூடாமலும் திறக்காமலும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சொல். அந்தக் கலையில் ஸ்ரனிஸ்லாசை வெல்ல ஆளில்லை. எத்தனை கலியாணத் தரகர்களை அந்த ஒரு சொல்லால் வாசலோடு அனுப்பியிருக்கிறார்! இப்போது அது தனக்கே வந்தபோதுதான் அதன் எடை தெரிந்தது. அதை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவதென்றே விளங்கவில்லை.

கார்ஜில் அவருடைய அறையின் யன்னலுக்குக் கீழே ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பொடியள் க்வாட் ஓடினார்கள். வழமையாக அவர் யன்னலைச் சாத்திவிட்டு ஏசுவார். அன்று எட்டிப் பார்த்தார். ஒருத்தன் முன்னால், ஒருத்தன் பின்னால். பின்னால் இருந்தவன் கையை விரித்துக் கத்திக்கொண்டு போனான். கட்டிடத்தைச் சுற்றி வந்து, மறுபடி கத்திக்கொண்டு போனான். அவர்களுக்குப் போக ஓர் இடமும் இல்லை, ஆனால் இருவர் இருந்தார்கள். தனக்குப் போக இடம் இருக்கிறது என்று ஸ்ரனிஸ்லாஸ் நினைத்தார். அது சிரிக்கக்கூடிய விஷயம் என்று பட்டது. சிரித்தும் பார்த்தார். அறைக்குள் அது "போன்சூர்" போலவே கேட்டது.

வெள்ளிக்கிழமை அவர் ஞானமலருக்குத் தொலைபேசி எடுத்தார். நாளைக்கு ஒருக்கா ஒபர்வில்லியேக்கு வந்து பார்க்கமுடியுமா, சும்மா, ஒரு அபிப்பிராயத்துக்கு. தனக்கு வாகனம் என்றால் ஹோர்ன் எங்கே இருக்கென்றுகூடத் தெரியாது என்று சொன்னார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஞானமலர் சிரித்தார். வாறன் என்றார்.

சனிக்கிழமை இருவரும் மெத்ரோவில் போனார்கள். ஞானமலர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே இருந்தவர்களின் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஸ்ரனிஸ்லாஸ் க்ரூசின் மரங்களைப் பற்றிக் கதைத்தார். மரம் முடிந்ததும் அங்கே வருகிற தபாற்காரியைப் பற்றிக் கதைத்தார். அவளும் முடிந்ததும் பேச்சும் முடிந்தது.

கடைமுற்றத்தில் மட்டைப் பெண்ணை யாரோ பசை நாடாவால் ஒட்டி வைத்திருந்தார்கள். கொஞ்சம் சரிவாக ஒட்டியதால், அவள் இப்போது மலையைப் பார்க்கவில்லை. கேற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஃபப்ரிஸ் ஓடிவந்து, மதாமுக்கு வணக்கம் சொல்லி, நீள க்வாட்டைத் துடைத்துவிட்டான். சாவியை மட்டும் கவனமாகத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். "ஏறிப் பாருங்கள், இருவரும். நான் உள்ளேதான் இருக்கிறேன்."

ஸ்ரனிஸ்லாஸ் முன்னால் ஏறினார். முழங்கால் ஒருமுறை முறையிட்டது. ஞானமலர் பையைத் தோளில் மாட்டி, சேலையை ஒதுக்கி, தட்டில் கால்வைத்து, பெரிதாக யோசிக்காமல் பின்னால் ஏறி உட்கார்ந்தார். வண்டி இலேசாகத் தாழ்ந்தது. இவ்வளவுதான் நடந்தது. ஆனால் எஞ்சின் போடாத அந்த வண்டியில் ஸ்ரனிஸ்லாஸ் கைபிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சீற் நல்லாத்தான் இருக்கு" என்றது பின்னாலிருந்து குரல்.

"பட்டி?"

"பட்டியும் நல்லாத்தான் இருக்கு."

பக்கக் கண்ணாடியில் அவருக்கு ஞானமலரின் காதும் தோட்டில் ஒரு சிவப்புக் கல்லும் மட்டும் தெரிந்தன. முகம் தெரியவில்லை. அது நல்லது என்று நினைத்தார்.

"அப்ப நீளத்தை எடுக்கட்டோ?"

"ஸ்ரனி."

"ஓம்?"

"என்ரை கடைக்கு வாற சனத்திட்டை நான் எப்பிடிக் கேக்கிறனான்? போய்வாறதோ, போறது மட்டுமோ எண்டு. சுத்தி வளைச்சுக் கேக்கிறனானே? நீங்கள் வந்து பட்டியைப் பற்றிக் கதைக்கிறியள், மெத்தையைப் பற்றிக் கதைக்கிறியள். கேக்க வந்ததைக் கேளுங்கோ."

கிடங்குத் தெருவில் ஒரு லொறி பின்பக்கமாக வந்து, கூவி, நின்றது. அது முடியும்வரை ஸ்ரனிஸ்லாஸ் காத்திருந்தார். வாய்க்குள் வந்தது முழுக்கப் பகிடிகள். மாட்டுப் பகிடி ஒன்று, முழங்கால் பகிடி ஒன்று, ஹோர்ன் பகிடி ஒன்று. மூன்றையும் விழுங்கினார். விழுங்கியபிறகு மிஞ்சியது சின்னதாக இருந்தது.

"மலர், நீங்கள் என்னோடை அங்கை வந்து இருப்பியளோ?"

கண்ணாடியில் சிவப்புக் கல் அசையவில்லை.

"வரமாட்டன்" என்றார் ஞானமலர்.

ஸ்ரனிஸ்லாஸ் முன்னால் பார்த்தார். முன்னால் ரயர் அடுக்குத்தான் இருந்தது.

"உங்களை விருப்பமில்லை எண்டில்லை. விருப்பம். உந்தத் தார்த் பேக்கரியிலை வாங்கினது எண்டு எனக்கு முதல் கிழமையே தெரியும். உங்கடை உணவகத்திலை உப்பிடிக் கறுவாப்பட்டை போடமாட்டினம். தெரிஞ்சுதான் திண்டனான்." "ஆனா எனக்கு மரம் வேண்டாம், ஸ்ரனி. அவர் போனாப்பிறகு கன காலம் நான் ரேடியோவைப் போட்டுட்டுத்தான் குளிக்கப் போறனான். ஆள் சத்தம் இல்லாட்டி எனக்கு மூச்சு வராது. இஞ்சை ரண்டு பேர் ரிக்கற்றுக்குச் சண்டை பிடிச்சாத்தான் எனக்குத் தேத்தண்ணி இறங்கும். நீங்கள் நிலத்துக்குக் கீழை நிண்ட மனிசன், உங்களுக்கு வானம் வேணும். எனக்குச் சனம் வேணும்."

"பாப்பம் எண்டு சொல்லியிருக்கலாம்" என்றார் ஸ்ரனிஸ்லாஸ். பகிடி போலத்தான் சொல்லத் தொடங்கினார். முடியும்போது அது பகிடியாக இல்லை.

"அண்டைக்குச் சொன்னனான்தானே. சொல்லிப்போட்டு ஒரு கிழமையா நித்திரை இல்லை. நான் பாப்பம் எண்டால், நீங்கள் உதைக் கொண்டுபோய், வெறும் சீற்றை ஒவ்வொரு நாளும் துடைச்சுத் துடைச்சுக்கொண்டு இருப்பியள். எனக்குத் தெரியாதே உங்களை?"

அவருக்கும் தன்னைத் தெரியும். துடைத்துத்தான் இருப்பார். மழைக்கு உறையும் போட்டிருப்பார்.

ஞானமலர் இறங்கினார். வண்டி இலேசாக மேலே எழும்பியது. அவர் முன்பக்கம் வந்து நின்றார். இப்போது முகம் முழுதாகத் தெரிந்தது. அதில் பாப்பம் இருக்கவில்லை. ஈரமாக இருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது.

கடை வாசலில் ஃபப்ரிஸ் தலையை நீட்டி, "அப்படியானால் எத்தனை பேர், மிஸ்யூ?" என்று கேட்டான். ஸ்ரனிஸ்லாஸ் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். இத்தனை நாளில் அவர் அவனுக்குக் கொடுத்த முதல் எண்ணிக்கை. ஃபப்ரிஸ் ஒருவரையும் பாராமல் தலையை ஆட்டிவிட்டு, கட்டை வண்டியை மூடியிருந்த சீலையை இழுத்தெடுக்கப் போனான்.

ஸ்ரனிஸ்லாஸ் மெல்ல இறங்கினார். ஞானமலர் கை கொடுத்தார். முழங்கால் நேராகும்வரை அவர் அந்தக் கையை விடவில்லை. நேரானபிறகும் கொஞ்சம் விடவில்லை.

"மலர், இன்னொண்டு கேக்கட்டோ? நேரவே கேக்கிறன்."

"கேளுங்கோ."

"கட்டையிலை ரண்டு நிறம் இருக்கு. சிவப்போ, பச்சையோ?"

"பச்சை" என்றார் ஞானமலர், ஒரு நொடியும் யோசிக்காமல்.